வந்த காரணம்: தெரியவில்லை

அவளுக்கு அலுவலகத்தில் அரைப்புள்ளி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிரலில் எங்கேயோ விட்டுப்போன ஓர் அரைப்புள்ளியைத் தேடி இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்டுபிடித்ததும் அழுதாள். அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அழுதது எல்லாருக்கும் மறந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் கணவன்கூட, கோபம் வந்தால், "இங்க பாரு அரைப்புள்ளி" என்றுதான் ஆரம்பிப்பான்.

அன்று காலை அவள் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்து இன்னும் ஒரு மடக்குக் குடிக்கவில்லை, மேனேஜர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துகிற ஆள். எழுந்து வருகிறார் என்றால் ஏழரை வருகிறது என்று அர்த்தம்.

"பதிவு அலுவலகத்துல நம்ம டோக்கன் மெஷின் என்னமோ உளறுதாம்," என்றார்.

"உளறுதுன்னா? அச்சு சரியா விழலையா?"

"அச்சு நல்லா விழுதாம். அதுதான் பிரச்சினையாம்."

தன் கைபேசியை நீட்டினார். யாரோ ஒரு டோக்கன் சீட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் எண். அதன் கீழே மூன்று வரி.

வந்த காரணம்: தெரியவில்லை
போகும் நேரம்: தெரியவில்லை
இடையில்: காத்திருக்கவும்

அரைப்புள்ளிக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜரின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"பதிவாளர் போன்ல என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டார். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் பதியற இடத்துல, வர்றவங்க கையில இப்படி ஒரு சீட்டைக் கொடுத்தா என்ன அர்த்தம்னு கேக்கறார். நூத்துப் பத்துப் பேருக்கு மேல கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களாம். யார் எழுதினது இது?"

"சாமியார்தான். வேற யாரு எழுதுவா?" என்றாள், யோசிக்கவே யோசிக்காமல்.

சாமியார் என்பவர் தாடி வைத்திருந்த ஒரு நிரலாளர். அந்த டோக்கன் மெஷினின் பாதி அவர் எழுதியது, மீதி இவள் எழுதியது. எதைக் கேட்டாலும் ஒரு தத்துவம் சொல்வார். "இந்தப் பிழை ஏன் வருது?" என்று கேட்டால், "பிழை வர்றது இயற்கை, சரியா ஓடினாத்தான் சந்தேகப்படணும்" என்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு, ஒரு நீச்சல்குளத்தில் சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். அவர் விட்டுவிட்டுப் போனதை எல்லாம் கட்டி மேய்க்கிற வேலை இவள் தலையில் விழுந்தது. அந்த மூன்று வருடமும் அவரைத் திட்டாமல் ஒரு வாரம் கழிந்ததில்லை.

பதிவு அலுவலகத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். முதல் பேருந்தில் ஏறியதுமே தங்கையிடமிருந்து படங்கள் வர ஆரம்பித்தன. தங்கை கண்ணாடிக் கடையில் இருந்தாள். ஒவ்வொரு சட்டமாக மூக்கில் மாட்டிப் படம் எடுத்து, "இது எப்படிக்கா?" என்று அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆறு படம். ஆறிலும் தங்கை ஒரே மாதிரி முழித்தாள். "வேலையா இருக்கேன்" என்று எழுதிப் போட்டாள் அரைப்புள்ளி. "சரிக்கா, நிதானமா சொல்லு" என்று பதிலும், கூடவே ஏழாவது படமும் வந்தன.

பதிவு அலுவலகத்தின் கூடம் நீளமானது. தரையோடு திருகி வைத்த நீல நாற்காலிகள், எட்டு சன்னல்கள், எட்டுக்கும் மேலே எண் காட்டும் பலகைகள். எட்டும் இருட்டாக இருந்தன. நாற்காலி அத்தனையிலும் ஆள். சுவரோரமாகவும் நின்றார்கள். எழுந்து போனால் இடம் போய்விடும் என்று ஒருவரும் நகரவில்லை. எல்லார் கையிலும் அந்தச் சீட்டு. சிலர் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் காவலாளி தடுத்தார்.

"டோக்கன் எடுத்துட்டு வாங்கம்மா."

"நான் மெஷினைச் சரி பண்ண வந்தவ. கம்பெனியிலேருந்து."

"இருக்கலாம். டோக்கன் இல்லாம யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு."

"அந்த மெஷின்தாங்க கெட்டுப்போயிருக்கு."

"சீட்டு வருதுல்ல? அப்புறம் என்ன கெட்டுப்போச்சு? எடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். நூற்றுப் பதின்மூன்று. வந்த காரணம் தெரியவில்லை. சீட்டைப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பிறகு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று உத்தரவு வந்து, காவலாளி மெஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்.

பதிவாளர் மெலிந்த மனிதர். ஒரு சீட்டை வெள்ளைத் தாளில் ஒட்டி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"இதைப் படிங்க."

"படிச்சேன் சார்."

"‘போகும் நேரம்’. இந்தச் சொல் எங்க கோப்புல எங்கேயாவது இருக்கா? ‘புறப்படும் நேரம்’னுதான் எழுதுவோம். பொதுமக்கள் கைக்குப் போற தாள்ல வழக்குச் சுத்தம் வேண்டாமா?"

இவர் கோபப்பட்டது இதற்காகவா, அல்லது இதற்கும் சேர்த்தா என்று அவளுக்கு விளங்கவில்லை. "பாக்கறேன் சார்," என்றாள். ஒரு மூலையில், தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். மடிக்கணினியை மடியில் வைத்துத் திறந்தாள்.

மெஷின் கெட்டுப்போன காரணம் பத்தே நிமிடத்தில் கிடைத்துவிட்டது. வருகிறவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு பட்டியல் உண்டு. பிறப்பு, இறப்பு, திருமணம், பெயர் மாற்றம், முகவரி மாற்றம், மற்றவை. திரையில் அதில் ஒன்றைத் தொட்டால் அந்தக் காரணம் சீட்டில் விழும், ஆளை அதற்குரிய சன்னலுக்கு அனுப்பும். முந்தின நாள் மாலை யாரோ ஓர் எழுத்தர் அந்தப் பட்டியலில் ஏதோ திருத்தப்போய், மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூட மறந்துவிட்டார். காலையில் மெஷின் பட்டியலைப் படிக்கப் பார்த்தது, படிக்க முடியவில்லை, பட்டியலே இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. பட்டியல் இல்லாததால் யாரிடமும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததால் அதற்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று அச்சடித்தது. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

குறியை மூடினாள். ஆனால் அந்த மூன்று வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து எடுக்காமல் வரக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். "தெரியவில்லை" என்று தேடினாள். இல்லை. "காத்திருக்கவும்" என்று தேடினாள். இல்லை. "இடையில்" இல்லை. லட்சத்துக்கு மேல் வரிகள் உள்ள நிரலில், அச்சாகி நூற்றுப் பதின்மூன்று பேர் கையில் இருக்கிற வார்த்தை ஒன்றுகூட இல்லை.

ஒரு மணி நேரம் தேடினாள். நடுவில் மேனேஜர் நான்கு தடவை அழைத்தார். தங்கை ஒன்பதாவது படம் அனுப்பினாள். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எல்லாம் அவள் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்கள். ஓர் அம்மாள் மட்டும் கேள்வி கேட்காமல், "காத்திருக்கவும்னுதான் போட்டிருக்கே, இருப்போம்," என்று தானே சொல்லிக்கொண்டு போனாள்.

கடைசியில் அவளுக்கு உறைத்தது. அந்தக் காலத்து டோக்கன் அச்சுப்பொறிக்குப் பழைய எழுத்துருதான் தெரியும். அதில் தமிழை ஆங்கில எழுத்துகளாகத்தான் அடிக்க வேண்டும். திரையில் பார்த்தால் பூனை விசைப்பலகை மேல் நடந்தது போல இருக்கும், தாளில் தமிழாக விழும். அப்படி ஒரு குப்பைக் கொத்து, ஒரு கோப்பின் அடியில், சமர்த்தாகப் படுத்திருந்தது. எடுத்து மாற்றிப் பார்த்தாள். அதேதான்.

வயிற்றெரிச்சலோடு சாமியாரை அழைத்தாள். அந்தப் பக்கம் தண்ணீர் தளும்புகிற சத்தமும் விசில் சத்தமும் எதிரொலித்தன.

"சாமியாரே, உங்க புண்ணியத்துல நான் இங்க வந்து லோல்படறேன்."

"யாரு, அரைப்புள்ளியா? எத்தனை நாளாச்சு. ஏய், குளத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகாதடா. உன்னை இல்லம்மா, சொல்லு."

சீட்டில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். நிறுத்துவார் என்று காத்திருந்து, நிறுத்தாததால், "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள்.

"முதல் ரெண்டு வரி நான் சொன்னதும்மா. மூணாவது உன்னோடது."

"என்னோடதா?"

"மறந்துட்டியா? அந்த ஆபீஸ்காரங்க காரணப் பட்டியலைக் கொடுக்காம மூணு வாரம் இழுத்தடிச்சாங்க. பட்டியல் காலியா இருந்தா சீட்டுல என்ன போடறதுன்னு நீதான் கேட்டே. வந்த காரணம் தெரியலைன்னு போடுன்னேன். போற நேரமும் தெரியலைன்னு போடுன்னேன். ரெண்டும் தெரியலைன்னா நடுவுல மனுஷன் என்னதான் பண்றதுன்னு கேட்டே. கேட்டுட்டு நீயே அடிச்சே. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கல. இந்த வேலையில நான் கேட்ட நல்ல ஜோக் அது ஒண்ணுதான்."

"நான் அப்படி எல்லாம் எழுத மாட்டேன்."

"மாற்றப் பதிவைப் பாரு. யார் பேர் இருக்குன்னு பாரு. எனக்கு வேலை இருக்கு, ஒருத்தன் தண்ணியைக் குடிக்கறான்."

பார்த்தாள். எந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று நிரலோடு ஒரு பதிவு உண்டு. அவள் பெயர்தான் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு பத்து. எதற்காக என்ற இடத்தில், "தற்காலிகம். அடுத்த வாரம் எடுத்துவிடலாம்" என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த வருடம் என்று யோசித்தால், ஒழுகுகிற ஒரு குளியலறைக் குழாயும் மாமியாரின் முட்டிவலியும்தான் ஞாபகம் வந்தன. இப்படி ஒரு வரியை எழுதிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போன ஒருத்தி தன் பெயரில் இருந்திருக்கிறாள். காலையிலிருந்து வாயார, மனதார அவளைத்தான் திட்டித் தீர்த்திருக்கிறாள். திட்டினதை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தோன்றவில்லை. இவளுக்கு மட்டும் எங்கிருந்து நேரம் கிடைத்தது என்று இன்னும் எரிச்சல்தான் வந்தது.

மேனேஜர் ஐந்தாவது தடவையாக அழைத்தார். எடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அதை யார்கிட்டயும் சொல்லாதே," என்றார் மேனேஜர். "சாமியார் மேல போட்டுடு. அவர்தான் போயிட்டாரே. அவரை யார் என்ன பண்ண முடியும்?"

"அவர் நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கிட்டு நிம்மதியா இருக்கார் சார்."

"இருக்கட்டும். யார் கெடுக்கப்போறா? பேரை மட்டும் எழுது."

அவள் அந்த மூன்று வரியையும் எடுத்துவிட்டு, "தகவல் இல்லை" என்று போட்டு, மெஷினைத் திரும்ப ஓடவிட்டாள். துணியை விலக்கி எண் விழாத ஒரு சோதனைச் சீட்டு எடுத்துப் பார்த்துக் கிழித்துப் போட்டாள். முடிந்தது, பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று பதிவாளரிடம் சொல்லப் போனாள்.

அவர் சன்னல்களைக் கையால் காட்டினார். "ஏற்கெனவே சீட்டு வாங்கினவங்க? அவங்களுக்கு உங்க மெஷின்ல காரணம் தெரியலைன்னுதானே பதிவாகியிருக்கு. காரணம் இல்லாம எந்த சன்னலுக்கு அனுப்பறது? சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை தானாப் போகும். அதுல நூத்துப் பேர் காரணம் தெரியாம வந்தாங்கன்னு இருந்தா நான் என்ன பதில் சொல்றது?"

"எல்லாருக்கும் புது டோக்கன் கொடுத்துடலாம் சார்."

"கொடுத்தா ஒரே ஆள் ரெண்டு தடவை வந்த மாதிரி ஆயிடும். கூடாது. ஒவ்வொருத்தரையும் கேட்டு நிரப்புங்க."

"உங்க ஆட்கள் கேட்டுச் சொன்னா நான் நிரப்பிடறேன்."

"கூடத்துல போய்க் கேக்கறது அவங்க வேலை கிடையாது. அவங்க வேலை சன்னலுக்கு உள்ள."

ஆகவே, இருபது வருடம் கணினி படித்து, கணினியிலேயே காலம் தள்ளிய ஒரு பெண்மணி, இடது முன்கையில் மடிக்கணினியைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, முதல் வரிசை முதல் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, "நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

"குழந்தை பேரை மாத்தணும்."

"எண்?"

"நாலு. சீட்டுல போட்டிருக்கே."

அடுத்தவர் பிறப்பு. அடுத்தவர் முகவரி. அதற்கடுத்தவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதைத் தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப்போறீங்க?" என்றார். விளக்கினாள். "அதை ஏன் காலையிலேயே கேக்கல?" என்றார். அதற்கும் விளக்கினாள். "அப்போ மெஷின் கேக்க வேண்டியதை மனுஷங்க கேக்கறீங்க. எதுக்கு மெஷின்?" என்றார். அவருக்கு முகவரி மாற்றம்.

ஓர் இளம் ஜோடி உட்கார்ந்திருந்தது. "கல்யாணம்," என்றான் அவன். "முகவரி," என்றாள் அவள், அதே நேரத்தில்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சீட்டுதான். ஒரு காரணம்தான் போட முடியும்."

"கல்யாணத்தைப் பதிஞ்சாத்தானே முகவரியை மாத்த முடியும்," என்றான் அவன்.

"உங்க வீட்டுக்குத்தான் வரப்போறேன்னு நான் எப்போ சொன்னேன்?" என்றாள் அவள்.

"இதை வெளியில பேசிட்டு வாங்களேன்," என்றாள் அரைப்புள்ளி.

"எழுந்தா இடம் போயிடும்," என்றார்கள் இருவரும் ஒன்றாக. அதில் மட்டும் ஒற்றுமை இருந்தது. திருமணம் என்று போட்டுவிட்டு நகர்ந்தாள்.

மூன்றாவது வரிசைக் கடைசியில் சட்டைப்பையில் பேனா செருகிய ஒருவர் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"சும்மாத்தான்."

"சும்மான்னு பட்டியல்ல இல்லைங்க."

"வீட்டுல இரைச்சல். இங்க குளுகுளுன்னு இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் வருவேன். சாயங்காலம் போயிடுவேன்."

"அப்போ டோக்கன் எதுக்கு எடுத்தீங்க?"

"டோக்கன் இல்லாம உள்ள விட மாட்டேங்கறாங்களே."

வாதாட அவளிடம் தெம்பு இல்லை. மற்றவை.

கைபேசி அதிர்ந்தது. தங்கை பதினோராவது படம். "சாப்பாட்டுக்குக் கடையை மூடிடுவாங்கக்கா, ஒண்ணு சொல்லித் தொலையேன்." படத்தைத் திறக்காமலேயே, "எட்டாவது," என்று அடித்தாள். உடனே பதில் வந்தது. "எட்டாவது படத்துல இருக்கறது கடைக்காரப் பொண்ணுக்கா. அவ கண்ணாடி அது." கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

நான்காவது வரிசையில் கறுப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இருந்தார். வெளியே மழை இல்லை. எண் ஐம்பத்தெட்டு.

"இறப்பு," என்றார்.

"சரிங்க," என்று அடித்தாள்.

"இறப்புக்குன்னு வரல. அது போன மாசம் ஆயிடுச்சு. சான்றிதழுக்கு வந்திருக்கேன்."

"ரெண்டும் ஒரே சன்னல்தாங்க."

"இருக்கலாம். சொல்லும்போது சரியா சொல்லணும்ல. என் வீட்டுக்காரி." சீட்டை விரித்துப் பிடித்தார். ஈரக்கையால் பிடித்துப் பிடித்து எழுத்து மங்கியிருந்தது. "இதை எழுதினது யாரும்மா?"

காலையிலிருந்து சாமியார் பெயரைச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகியிருந்தது. இவரிடம் என்னவோ அது வரவில்லை. "நான்தாங்க," என்றாள். "பதினோரு வருஷம் முன்னாடி விளையாட்டா எழுதினது. தப்பா வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"தப்பு ஒண்ணும் இல்ல. மூணாவது வரி மட்டும் அவளுக்குப் பொருந்தாது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில வரவேற்பு மேசையில இருந்தா. நாள் பூரா ஜனங்களைக் காத்திருங்க காத்திருங்கன்னு சொல்றதுதான் வேலை. வீட்டுக்கு வந்தா ஒரு நிமிஷம் நிக்க மாட்டா. பால் பொங்கற வரைக்கும்கூடப் பொறுமை கிடையாது, என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிடுவா. நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன், அது பொங்கிடும். அதுக்கு ஒரு சண்டை."

இன்னும் ஐம்பத்து நான்கு பேர் பாக்கி. மடிக்கணினியைத் தாங்கிய கை மரத்துப்போயிருந்தது. பதிவாளர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பெரியவர் நிறுத்துவதாக இல்லை. பால் பொங்கிய கதையிலிருந்து ஒரு தடவை ரயிலைத் தவறவிட்ட கதைக்குப் போனார். ரயில் தாமதம் என்று தெரிந்ததும் அவர் மனைவி நடந்தே அடுத்த நிலையத்துக்குப் போய்விட்டாளாம், ரயில் அவளைத் தாண்டிப் போனதாம். அரைப்புள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு வழியாக, அசிங்கமாக. பெரியவரும் சிரித்தார்.

"எனக்கு நல்ல சீட்டா ஒண்ணு கொடுங்களேன்," என்றார். "இது அழிஞ்சுபோச்சு. என் மக கேப்பா, காட்டணும்."

"அதை மாத்திட்டேங்க. இப்போ எடுத்தா தகவல் இல்லைன்னு வரும்."

"தகவல் இல்லையா?" அவர் முகம் சுருங்கியது. "அதுல என்ன இருக்கு? இதுலயாவது ஏதோ சொல்லியிருந்தீங்க."

அவள் பையைத் துழாவி, காலையில் திணித்த தன் சீட்டை எடுத்து, தொடையில் வைத்து நீவி, அவரிடம் கொடுத்தாள். குடையின் மடிப்புக்குள் அதைப் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

எல்லாரையும் கேட்டு முடிக்க மூன்று மணி ஆயிற்று. சன்னல் பலகைகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எண்கள் ஓட ஆரம்பித்தன. பதிவாளர் தன் திரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையுதே," என்றார்.

"எல்லாரையும் கேட்டாச்சு சார்."

"நூத்துப் பன்னிரண்டுக்குக் காரணம் இருக்கு. மொத்தம் நூத்துப் பதின்மூணு. யாரோ ஒருத்தர் விட்டுப்போச்சு."

அவளும் காவலாளியும் கூடம் முழுக்கத் திரும்ப ஒரு நடை நடந்தார்கள். கழிப்பறை வாசலில் நின்று எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெளியே படிக்கட்டில் தேடினார்கள். தூங்கிப்போயிருந்த சும்மா வந்தவரை எழுப்பிக் கேட்டார்கள். கால் மணி நேரம் கழித்துக் காவலாளிதான் சொன்னார்.

"ஏம்மா, நூத்துப் பதின்மூணு நீங்க எடுத்ததுல்ல?"

பதிவாளர் பேனாவை மூடினார். "அப்போ உங்க காரணத்தையும் நிரப்பிடுங்க."

திரையில் பட்டியல் காத்திருந்தது. பிறப்பு, இறப்பு, திருமணம், பெயர் மாற்றம், முகவரி மாற்றம், மற்றவை. நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மளமளவென்று தட்டிய விரல், தனக்கு என்று வந்ததும் கொஞ்சம் நின்றது. பிறகு தட்டியது. மற்றவை.

புறப்படும் முன் விளக்கக் கடிதம் கேட்டார்கள். மேனேஜர் சொன்ன பெயரை எழுதத்தான் ஆரம்பித்தாள். முதல் எழுத்து எழுதியதும், விசில் ஊதிக்கொண்டு ஈர உடையில் நிற்கிற மனிதர் கண்ணில் வந்தார். அதைவிட, மூன்றாவது வரி அவருடையது என்று எழுத மனம் வரவில்லை. நல்லதோ கெட்டதோ, அது அவளுடையது. அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். பதிவாளர் படித்தார். "‘விளையாட்டாக’ங்கற சொல் வேண்டாம், ‘கவனக்குறைவாக’ன்னு போடுங்க," என்றார். போட்டாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, தாளில் ஒட்டிய அந்தச் சீட்டைக் கிழிக்காமல் தன் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் மேனேஜர் பேசவே இல்லை. ஒரு மின்னஞ்சல்தான் வந்தது. கம்பெனி எழுதிய எல்லா நிரல்களிலும் நகைச்சுவை எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, பட்டியலிட்டு, நீக்க வேண்டும், பொறுப்பு, அரைப்புள்ளி, காலம், ஒரு வாரம்.

பன்னிரண்டு வருட நிரலைத் தோண்ட உட்கார்ந்தாள். முதல் நாள் மூன்று கிடைத்தன. ஒரு நிரல் துண்டுக்குப் "பொறுமை" என்று பெயர் வைத்திருந்தார் சாமியார். எதைக் கொடுத்தாலும் அது பூஜ்யத்தைத் திருப்பித் தந்தது. முடிவில்லாமல் சுற்றுகிற ஓர் இடத்தில், "பிறந்தது முதல் இங்கேயே சுற்றுகிறேன், வெளியேறும் வழியை எழுத மறந்துவிட்டார்கள்" என்று குறிப்பு. இன்னோர் இடத்தில், "இந்த வரி ஏன் இருக்கிறது என்று தெரியாது, எடுத்தால் எல்லாம் நின்றுவிடும்" என்று எழுதி, அடைப்புக்குள் "மேனேஜரைப் போல அல்ல" என்று சேர்த்திருந்தது. எழுதியவர் பெயரைப் பார்த்தாள். அவள்தான். அந்தக் குறிப்பை மட்டும் பட்டியலில் சேர்க்காமல் அழித்தாள்.

வாரக் கடைசியில் பதினான்கு சேர்ந்தன. ஒன்பது அவளுடையவை. பதின்மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் எடுத்தபின் மெஷின் ஓடுகிறதா என்று சோதித்தாள். பதினாலாவதுதான் வம்பு செய்தது. நாட்காட்டியைக் கணக்கிடுகிற கோப்பில், எட்டு வருடத்துக்கு முன்னால், அவள் பெயரில் ஒரு வரி இருந்தது. "மூன்றாவது நாற்காலி, ஞாயிறு மட்டும்." பக்கத்தில் "ஹஹஹ" என்று மூன்று தடவை சிரிப்பு.

அதில் என்ன சிரிப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. எந்த நாற்காலி, என்ன ஞாயிறு, ஒன்றும் தெரியவில்லை. நேராகப் படித்தாள், தலைகீழாகப் படித்தாள். மதிய உணவு நேரம் முழுக்க உட்கார்ந்து யோசித்தாள். சாமியாரை அழைத்துக் கேட்டாள். "எனக்கும் தெரியலையே," என்றார், கவலையோடு. "அது நல்ல ஜோக்கா இருந்திருக்கும்போல. அய்யோ பாவம்."

மேனேஜர் எழுந்து வந்து பின்னால் நின்றார். அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு முதல் பேச்சு. "இது என்ன?"

"தெரியல சார்."

"ஜோக்கா?"

"அதுதான் சார் தெரியல."

"எடுத்துட்டா என்ன ஆகும்?"

அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "மெஷின் நின்னாலும் நிக்கலாம் சார். உறுதியா சொல்ல முடியாது."

மேனேஜர் அந்த வரியைக் குனிந்து, உதடு அசைய, இரண்டு தடவை படித்தார். பிறகு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "அப்போ அதை யாரும் தொடவேண்டாம்," என்றார். "தொடக்கூடாதுன்னு பக்கத்துல எழுதி வை."

எழுதி வைத்தாள்.